வரிக்கு ஒரு நிபந்தனை, கணக்குக்கு ஒரு நிபந்தனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வரும் நகராட்சி மன்றக் கூட்டச் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். எந்த ஊர்ச் செய்தியாக இருந்தாலும், கவுன்சிலர்கள் வெளிநடப்பு செய்தார்கள் என்றோ, தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் வாக்குவாதம் மூண்டது என்றோ, கொண்டுவரப்பட்ட தீர்மானங்கள் அனைத்தும் ஏகமனதாக நிறைவேறின என்றோதான் அது முடிகிறது. அந்தத் தீர்மானங்களில் என்ன இருந்தது, எந்த வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, யாருக்கு ஒப்பந்தம் போனது என்பது செய்தியில் வருவதில்லை. இதற்கு நிருபரை மட்டும் குறை சொல்ல முடியாது. கூட்டத்துக்கு முன்பு பொருள் நிரல் வெளியே வருவதில்லை; கூட்டம் முடிந்த பிறகு தீர்மானப் புத்தகம் மேசைக்குள் போய்விடுகிறது. வரி கட்டுகிறவனுக்குத் தெரியாதது நிருபருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

நான் பேரூராட்சியாக இருந்து நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட ஒரு சிற்றூரில் வசிப்பவன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். பேரவைக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்துக் காட்டி, உர மூட்டைக்கு வண்டி வாடகை ஏன் கூடியது என்று கேட்கிற உறுப்பினருக்குக்கூட எழுந்து நின்று பதில் சொல்லிப் பழகியவன் என்பதால், பணம் வாங்குகிற இடம் கணக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பது எனக்குக் கொள்கை என்பதைவிட வேலைப் பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். வரியே கூடாது என்பது என் வாதம் அல்ல. சில ஆயிரம் வீடுகளும் ஒரு சந்தையும் ஒரு பேருந்து நிலையமும் உள்ள ஊரில் தெருவிளக்கு எரிய மின்கட்டணமும், கூட்டுக் குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தர வேண்டிய கட்டணமும், தூய்மைப் பணியாளர் சம்பளமும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததே.

2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த சொத்து வரி உயர்வு வாசகர்களுக்கு நினைவிருக்கும். நகராட்சிகளிலும் பேரூராட்சிகளிலும் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 சதுர அடி வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தப்பட்டது. வணிகக் கட்டடங்களுக்கும் காலிமனைகளுக்கும் 100 சதவீதம். அடுத்து, ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட அளவு உயர்த்துவதற்கான ஏற்பாடும் விதிகளில் சேர்ந்தது. 2024ஆம் ஆண்டின் இரண்டாம் அரையாண்டில் 6 சதவீத உயர்வு வந்தது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 800 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவர் முதலில் 1,200 ரூபாயும், பிறகு 1,272 ரூபாயும் கட்ட வேண்டியவரானார். அரையாண்டு தொடங்கிய முப்பது நாள்களுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த உயர்வுக்கு அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட காரணம், உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தர வேண்டிய மானியத்தைப் பரிந்துரைத்த பதினைந்தாவது நிதிக்குழு. நகர்ப்புற உள்ளாட்சிகள் மானியம் பெற வேண்டுமானால், மாநில அரசு சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும். வசூலும் மாநிலத்தின் உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக உயர்ந்துகொண்டு வர வேண்டும் என்பது அந்தக் குழுவின் நிபந்தனை. இது உண்மைதான். 2022இல் பல ஊர் மன்றங்களில் இதை முன்வைத்துத்தான் உயர்வுத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துப் பேசிய கவுன்சிலர்களுக்கும், தீர்மானத்தை நிறைவேற்றாவிட்டால் மானியம் நின்றுபோகும் என்பதே பதிலாகக் கிடைத்தது. மன்றம் வரியைத் தீர்மானிக்கவில்லை, வந்த தீர்மானத்துக்குக் கை தூக்கியது என்பதே சரியான விவரிப்பு.

ஆனால் அதே நிதிக்குழு அதே மானியத்துக்கு இன்னொரு நிபந்தனையும் விதித்திருந்தது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் முந்தைய ஆண்டின் கணக்கைத் தணிக்கைக்கு முன்பும், அதற்கு முந்தைய ஆண்டின் கணக்கைத் தணிக்கைக்குப் பின்பும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் மானியத்துக்கான தகுதியே கிடையாது. சொல்லப்போனால் மானியம் கேட்டு வாசலில் நிற்பதற்கே முதலில் இதைத்தான் காட்ட வேண்டும். முதல் நிபந்தனையை எங்கள் வீட்டுக் கதவு வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்த இரண்டாவது நிபந்தனை நிறைவேற்றப்படவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் இணையதளம் ஒன்றில் உள்ளாட்சிகளின் ஆண்டுக் கணக்குகள் ஏற்றப்படுகின்றன. அவை ஆங்கிலத்தில், இருப்புநிலைக் குறிப்பு வடிவில் இருக்கின்றன. சொத்து வரி என்று ஒரு வரி, நிர்வாகச் செலவு என்று ஒரு வரி, பராமரிப்புச் செலவு என்று ஒரு வரி. கணக்கு எழுதிப் பழகிய எனக்கே அதிலிருந்து எங்கள் தெருச் சாக்கடை தூர்வார எவ்வளவு செலவானது என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்தத் தளத்தின் பெயரே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. நகராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் அதைப் பற்றி எந்தத் தாளும் ஒட்டப்படவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள் என்றார்கள். அதே சட்டத்தின் நான்காவது பிரிவு, பொது அமைப்புகள் தங்கள் வரவு செலவுத் திட்டத்தையும் செலவு விவரத்தையும் யாரும் கேட்காமலே தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. கேட்காமலே தர வேண்டியதைப் பத்து ரூபாய் வில்லை ஒட்டி, முப்பது நாள் காத்திருந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மன்றக் கூட்டம் ஒன்றைப் பார்வையாளர் இருக்கையில் இருந்து கவனித்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள். அலுவலர் ஒருவர் பொருள் எண்ணை மட்டும் வரிசையாக வாசித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு மூன்று குரல்கள் “பாஸ், பாஸ்” என்றன. தேநீரும் பிஸ்கட்டும் வருவதற்குள் பாதிப் பொருள்கள் முடிந்துவிட்டன. பக்கத்தில் இருந்த கவுன்சிலரிடம் தாளை வாங்கிப் பார்த்தேன். கணிசமான பொருள்களின் முடிவில் ‘மன்றத்தின் பின்னேற்பு அனுமதிக்கு’ என்றோ, ‘மன்றத்தின் பார்வைக்கும் பதிவுக்கும்’ என்றோ எழுதியிருந்தது. வேலை முடிந்து, பல இடங்களில் பட்டியல் தொகையும் கொடுக்கப்பட்ட பிறகு, அதற்கு அனுமதி கேட்டு மன்றத்துக்கு வருகிறது என்று பொருள். குடிநீர் மோட்டார் பழுது, மழைநேரத்துப் பொக்லைன் வாடகை போன்ற அவசர வேலைகளுக்கு இந்த வழி தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. பண்டிகைக் கால மின்விளக்கு அலங்காரத்தில் என்ன அவசரம் என்பதைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. அதைக் கேட்க வேண்டிய கவுன்சிலர்களோ அன்று, தங்கள் வார்டுக்கு ஆழ்துளைக் கிணறு ஒதுக்கப்படவில்லை என்ற ஒரே விஷயத்தில்தான் குரல் உயர்த்தினார்கள். நகராட்சிக் கவுன்சிலருக்கு 2023 முதல் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் தரப்படுகிறது. அது நல்ல ஏற்பாடு, இன்னும் கூட்டித் தந்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன். பொருள் நிரலை முதல் நாளே படித்துவிட்டு வருவதும் அந்த ஊதியத்துக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன்.

வரிச் சீட்டுக்குள் அடங்கியிருக்கும் நூலக வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது. அது நகராட்சியின் பணம் அல்ல; வசூலித்து மாவட்ட நூலக ஆணைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பணம். உள்ளாட்சிகள் அதை ஒப்படைக்காமல் நிலுவை வைத்திருப்பதாக அவ்வப்போது செய்தி வருகிறது. சொத்து வரி உயர்ந்தால் நூலக வரியும் தானாகவே உயர்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மழைக்காலத்தில் புத்தக அலமாரிகளைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்துகிறார்கள். நாளிதழ் படிக்க வருகிறவர்கள் குடையை விரித்து உலர வைத்த இடத்திலேயே கூரையும் ஒழுகுகிறது. எங்கள் ஊரில் கடந்த ஆண்டு எவ்வளவு நூலக வரி வசூலானது, அதில் எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது என்ற இரண்டே இரண்டு எண்களை வாசலில் எழுதிப்போட என்ன தடை? ஒருவர் பெயரில் வாங்கிய பணத்தை இன்னொரு செலவுக்குப் புரட்டுவதைக் கூட்டுறவுச் சங்கத்தில் செய்திருந்தால் எனக்குத் தற்காலிகப் பணிநீக்க ஆணைதான் வந்திருக்கும்.

வரி கட்டுகிறவர்களிடமே மேலும் கேட்பது எளிது. கட்டாதவர்களைத் தேடிப் போவதுதான் கடினம். சிற்றூர்களில் இது வெளிப்படையாகவே தெரியும். திருமண மண்டபம் குடியிருப்பு விகிதத்தில் இருக்கும். மூன்று மாடி வணிக வளாகம் தரைத்தளத்துக்கு மட்டும் வரி கட்டும். சந்தைப்பேட்டையிலும் பேருந்து நிலையத்திலும் நகராட்சிக்குச் சொந்தமான கடையைப் பழைய வாடகைக்கு ஏலம் எடுத்தவர் அதைப் பல மடங்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு, நகராட்சிக்கு மட்டும் பாக்கி வைத்திருப்பார். அந்தக் கடைகள் யார் யார் பெயரில் இருக்கின்றன, உண்மையில் யாருடையவை என்று தெருவில் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தப் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை என்பதால், ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் மன்றத்தில் எதற்காகவோ மேசையைத் தட்டினாலும் கடை வாடகைப் பாக்கிக்காகத் தட்டுவதில்லை. அரையாண்டுக்கு 1,272 ரூபாய் கட்டத் தாமதித்த ஓய்வூதியர் வீட்டுக்கு வரித்தண்டலர் வந்து, குடிநீர் இணைப்பைத் துண்டிக்க நேரிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். லட்சக் கணக்கில் வாடகை பாக்கி வைத்திருப்பவரின் கடையில் உட்கார்ந்துதான் அவர் ரசீதுப் புத்தகத்தைச் சரிபார்க்கிறார். வரித்தண்டலர் மீது எனக்குக் கோபம் இல்லை. யார் கதவைத் தட்டலாம் என்பதை முடிவு செய்வது அவர் அல்ல.

ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, பல கிராமங்களில் மக்கள் மறியல் செய்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். இரண்டும் நியாயமான அச்சங்களே. மூன்றாவதாக அவர்கள் இழப்பது கிராம சபை. ஊராட்சியில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாள் என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட்டப்படுகிறது. அங்கே வரவு செலவு படிக்கப்பட வேண்டும்; வாக்காளர் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். எல்லா ஊர்களிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல நான் தயாரில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைகிற சபைகளும் உண்டு. இருந்தாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. ஊர் நகராட்சியான மறுநாள் அந்த இடம் இல்லாமல் போகிறது.

நகரங்களுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்றுதான் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் விதிகள் கொண்டுவரப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, முதலமைச்சரே பம்மலில் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். அரசு எடுத்த நல்ல முயற்சி என்று அதை மனமாரப் பாராட்டலாம். எங்கள் வார்டில் அன்று சாமியானா போட்டு நாற்காலி அடுக்கினார்கள். குப்பை வண்டி வருவதில்லை, தெருநாய்த் தொல்லை என்று மனுக்களை வாங்கிக்கொண்டார்கள். வரவு செலவுத் தாளை யாரும் கொண்டுவரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன் பிறகு கூட்டம் எப்போது நடந்தது, யார் யார் பகுதி சபைப் பிரதிநிதிகள் என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. பிரதிநிதிகளை மன்றமே நியமிப்பதால், கவுன்சிலரிடம் கேள்வி கேட்க வேண்டியவர் கவுன்சிலரின் ஆதரவாளராகவே அமைந்துவிடுகிறார். பகுதி சபையை மனு வாங்கும் முகாமாக நடத்தினால் போதும் என்று அலுவலகம் நினைத்தால், அதற்கு ஏற்கெனவே குறைதீர்ப்பு நாள் இருக்கிறது.

உள்ளாட்சி என்றாலே நம் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்தில் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த பெருமை எல்லோருக்கும் மனப்பாடம். அதே கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்ற விதியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேடையில் இந்தப் பகுதியைச் சொல்லிக் கேட்டதில்லை. உறவினர்களையும் சேர்த்திருக்கிறார்களே, அந்தக் காலத்திலும் பினாமி பற்றிய அனுபவம் இருந்திருக்கும்போல.

தலைவர் பதவிக்கு நேரடித் தேர்தல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள்தான் நேரடியாகத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுகத் தேர்தலில் பேரம் கூடுகிறது என்பது மெய். 2022 மார்ச் 4ஆம் தேதி கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் போட்டி வேட்பாளர்கள் நின்று வென்றதையும், பிறகு பல ஊர்களில் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே தலைவர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததையும் பார்த்தோம். ஆனாலும் நேரடியாகத் தேர்ந்தெடுத்த காலத்தில் கணக்கு வாசலில் தொங்கியதாக எனக்கு நினைவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லாமல் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை தனி அலுவலர்கள் ஆண்ட ஐந்தாண்டுகளுக்கு மேலான காலத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். தெருவிளக்கு எரியாததற்கு யாரிடம் போய் நிற்பது என்றே அப்போது தெரியாது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் தள்ளிப்போகாமல் உரிய காலத்தில் நடக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நான் கேட்பது தேர்தல் முறையை மாற்றுவதைவிட மிகச் சிறியது. சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.

ஒவ்வோர் அரையாண்டும் அனுப்பும் வரிக் கேட்பு அறிவிப்பின் பின்பக்கம் இப்போது வெற்றுத்தாளாகத்தான் இருக்கிறது. அதில் கடந்த ஆண்டு ஊரில் மொத்தம் எவ்வளவு சொத்து வரி கேட்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, சம்பளம், மின்கட்டணம், குடிநீர், குப்பை, சாலை ஆகியவற்றுக்கு எவ்வளவு போனது, நூலகத்துக்கு எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, கடை வாடகைப் பாக்கி எவ்வளவு என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். மன்றக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பொருள் நிரலையும், கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள் தீர்மானங்களையும் அலுவலக வாசலிலும் நகராட்சியின் இணையப் பக்கத்திலும் வெளியிட வேண்டும். பின்னேற்புக்கு வரும் பொருள்களைத் தனியாகப் பிரித்து, அவசரம் என்ன என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். புதிதாகப் போட்ட சாலைகளின் முனையில் நடும் கல்லில் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர் பெயர்களும் மதிப்பீட்டுத் தொகையும் மட்டுமே இருக்கின்றன. ஒப்பந்ததாரர் பெயரையும், பழுதானால் எந்தத் தேதி வரை அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துப் பொறிக்கலாம். எங்கள் சந்தை ரோட்டுக் கல் இன்னும் புத்தம் புதியதாக இருக்கிறது, அதன் அடியில் ரோடு பெயர்ந்து ஜல்லி வந்துவிட்டது.

இதற்கெல்லாம் ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நகராட்சிகளில் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதும் உண்மை. ஆனால் நிதிக்குழுவுக்காக ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் கணக்குத் தயாரித்து ஏற்றுகிறவர்கள் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார்கள். அந்தக் கணக்கையே பத்து வரியில் தமிழில் எழுதுவது புதிய வேலையாகிவிடாது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு நகராட்சியை எடுத்துக்கொண்டு, அதன் மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலை அப்படியே வெளியிடுங்கள். தர மறுக்கும் நகராட்சியின் பெயருக்கு நேரே ‘தரப்படவில்லை’ என்று அச்சிட்டு இடத்தைக் காலியாக விடுங்கள். எங்கள் ஊரின் முறை எந்த வாரம் வரும் என்று முன்கூட்டியே தெரிவித்தால், மாத இறுதியில் நடக்கும் அடுத்த கூட்டத்தின் நிரலைக் கேட்டு நானே எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டையும் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
நகராட்சி வரி செலுத்துபவர் ஒருவர்